படத்தில் வைத்த பொட்டு

"இந்தாரும், இதை வையும்."

தில்லைநாதன் குங்குமச் சிமிழைக் குசினி வாசற்படியில் வைத்துவிட்டுச் சட்டென்று பின்வாங்கினார். உள்ளே அவருடைய தம்பியின் பெண்சாதி றஞ்சிதம், பயற்றம் பணியாரத்தை எண்ணெய்ச் சட்டியிலிருந்து அள்ளிக்கொண்டிருந்தாள். சிமிழைப் பார்த்தாள். எடுக்கவில்லை.

"மாப்பிள்ளை பகுதி படலைக்கு வந்திட்டுது. ஆராத்தி எடுக்க நீர்தான் வேணுமெண்டு மாப்பிள்ளையின்ர கனடாத் தமக்கை நிக்கிறா."

"நானோ அத்தான்? தாலிக்குப் பொன்னுருக்கேக்க முன்பக்கம் தலைகாட்ட வேண்டாம் எண்டனீங்கள்."

"அது அண்டைக்கு."

அவள் கணவன் சிவராசா, கட்டுக்கரை வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போனவன். வழியில் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து ஆட்களை இறக்கினார்கள். பஸ் போய்ச் சேர்ந்தது, அவன் சேரவில்லை. மரணச் சான்றிதழ் கேட்டபோது கந்தோரில் உடலைக் கேட்டார்கள். தெருவுக்கு உடல் தேவைப்படவில்லை. ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவன் செத்துவிட்டான் என்று தெருவே முடிவு செய்தது. தில்லைநாதனின் மனைவி அன்னப்பிள்ளை ஈரத்துணியோடு வந்து றஞ்சிதத்தின் பொட்டைத் துடைத்தாள். அழுதுகொண்டுதான் துடைத்தாள். ஆனால் நன்றாகத் துடைத்தாள்.

அதன்பிறகு வந்தது சமாதானம் என்று பேர் வைக்கப்பட்ட காலம். தில்லைநாதன் பள்ளிமுனைக்குப் போகிற வீதியில் இன்ரநெற் கடை போட்டார். கொழும்பில் எவனோ ஒருவன் கணினிக்குள் ஒரு சந்தை கட்டி, சின்ன வியாபாரிகளுக்கு ஆளுக்கொரு பக்கம் வாடகைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் அதில் பார்த்துக் காசு கட்டினால், ஊரில் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்குச் சாமான் போகும். தில்லைநாதன் கலியாணப் பலகாரத்துக்கு ஒரு பக்கம் எடுத்தார். செய்கிறவரின் படம் கட்டாயம் போடவேண்டும் என்பது அந்தச் சந்தையின் சட்டம்.

வெறும் நெற்றிக்காரியிடம் கலியாணப் பலகாரம் எவன் வாங்குவான்? தில்லைநாதன் றஞ்சிதத்தின் படத்தைத் திறந்து, சிவப்பு நிறத்தைத் தெரிந்து, மவுசை ஒரு தட்டுத் தட்டினார். ஒரு குடும்பமும் ஒரு தெருவும் சேர்ந்து கட்டிக்காத்த வழக்கம் அத்தோடு முடிந்தது. பொட்டு கொஞ்சம் இடப்பக்கம் சரிந்துவிட்டது. கீழே 'திருமதி சிவராசா' என்று அடித்தார்.

வியாபாரம் பிடித்தது. மன்னாரில் பாதிக் கலியாணங்களுக்கு அவள் சுட்ட பலகாரம் போனது. ஒன்றுக்கும் அவள் போகவில்லை. விதவை சுட்டது என்று எவர் வயிறும் நொந்ததாகத் தகவல் இல்லை.

கனடாக்காரி அந்தப் பக்கத்துக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு, 'அன்ரியின் முகத்தில் லட்சுமி குடியிருக்கிறா' என்று எழுதினாள். பிறகு, தன் தம்பிக்குக் கட்டிக்கொடுக்க அந்த வீட்டில் பெண் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. தில்லைநாதனின் மகளுக்குச் சம்பந்தம் வந்த வழி அதுதான்.

"இப்ப போய், அது நான் கீறின பொட்டு எண்டு சொல்லேலுமே? பிள்ளையின்ர வாழ்க்கை. இண்டைக்கு ஒரு நாள். பிறகு துடைச்சுப்போட்டு இரும்."

வெளியே நாதஸ்வரம் தொடங்கியது. றஞ்சிதம் கையைக் கழுவிச் சிமிழைத் திறந்தாள்.

ஆராத்தி நன்றாக நடந்தது. "படத்தில பாத்ததை விட நேரில வடிவு அன்ரி!" என்று கனடாக்காரி கட்டிப்பிடித்தாள். தெருச்சனம் எல்லாவற்றையும் பார்த்தது. பந்தியில் நல்ல சாப்பாடு என்பதால் வாயைத் திறக்கவில்லை.

பின்னேரம் மாப்பிள்ளை பகுதி புறப்பட்டதும் அன்னப்பிள்ளை குசினிக்கு வந்தாள். கையில் ஈரத்துணி.

"சனமெல்லாம் போட்டுது பிள்ளை. துடை."

றஞ்சிதம் அவளுக்குப் பின்னால் நின்ற தில்லைநாதனைப் பார்த்தாள். "படத்தில இருக்கிறதையும் துடைப்பீங்களோ அத்தான்?"

"விசர்க்கதை கதையாதையும். அது கடையல்லோ!"

"கீழ 'திருமதி சிவராசா' எண்டு நீங்கள்தானே அடிச்சனீங்கள். கனடாவில இருக்கிற ஆக்களுக்கு அவர் உசிரோட இருக்கிறார். இஞ்சை மட்டும் செத்துப்போனாரோ?"

தில்லைநாதன் குங்குமச் சிமிழை எடுத்து இறுக்கி மூடினார்.

"அடியேய், தெருவில என்ன சொல்லுவினம்?" என்றாள் அன்னப்பிள்ளை.

"பலகாரம் நல்லாயிருந்ததெண்டு சொல்லுவினம் அக்கா."

றஞ்சிதம் அவள் கையிலிருந்த துணியை மெதுவாக வாங்கினாள். பலகாரத் தட்டில் படிந்திருந்த எண்ணெயைத் துடைத்தாள். துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். பிறகு சுவரில் இருந்த சின்னக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தாள். பொட்டு சரியாக நடுவில் இருந்தது.

"படத்தில கோணலாக் கிடக்கு அத்தான்," என்றாள். "நாளைக்குக் கடை திறந்த உடன அதை நடுவுக்கு எடுத்து விடுங்கோ."