ரெண்டு கட்டை கீழே

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. பியானோ வாசித்தபடி சொந்தப் பாட்டுப் பாடி ஊரையே கட்டிப்போட்ட பாடகி என் அக்கா. அவள் மேடையில் ‘தடுமாறினார்’ என்று ஒரு பத்திரிகை எழுதிவிட்டது. தடுமாற்றமாம்! வீட்டில் எழுத்தாளர் என்று நான் ஒருத்தி எதற்கு இருக்கிறேன்?

2

தொடக்கம்: மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், ஓட்டல் மூலையில் ஒரு இளம்பெண்...

(மழையா? அக்கா பியானோ வாசித்துப் பாடிய அந்த ஓட்டலில் ஜன்னலே கிடையாது. அடித்தாயிற்று.)

சாப்பிடுகிறவர்கள் தலை நிமிர மாட்டார்கள். அடுத்தவர் பாட்டுகளுக்கு நடுவே அக்கா தன் பாட்டு ஒன்றைச் செருகிவிடுவாள். ஒருநாள் பரிமாறுகிறவர் தட்டோடு நின்றுவிட்டார்.

“இது யார் பாட்டும்மா?”

“என்னோடதுதான்.”

அந்தப் பாட்டுதான் பிறகு எல்லார் செல்போனிலும் அடித்தது. அரங்கங்கள் நிரம்பி வழிந்தன. (நடுவில் அவள் பட்ட பாடு தனிப் புத்தகம்.)

3

பிறகு தொண்டையில் அறுவை சிகிச்சை. குரல் திரும்பியது, சுருதி ரெண்டு கட்டை இறங்கி.

“மூச்சு விடாதீங்க மேடம். வெளிய தெரிஞ்சா ஒரு டிக்கெட்கூடப் போகாது” என்றார் மேலாளர்.

எல்லாப் பாட்டையும் ரகசியமாக இறக்கி வைத்துப் பயிற்சி செய்தாள். மேடை ஏறினாள். அந்த ஓட்டல் பாட்டின் ஆரம்பம் பியானோ மட்டும்தான். பாழாய்ப்போன கை, பழக்கதோஷத்தில் பழைய சுருதியிலேயே தொடங்கிவிட்டது. உச்ச வரி வந்தால் குரல் உடையும். குட்டு வெளிப்படும்.

4

உச்ச வரியில் கூட்டமே எழுந்து அவளுக்காகப் பாடியது என்று எழுதினேன். அக்கா படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“கூட்டம் எங்கடி பாடுச்சு? சினிமாவா எடுக்கற? நான் நிறுத்தினேன்னு எழுது.”

“பயமா இல்லையாக்கா?”

“கால் வெடவெடன்னு ஆடுச்சு. அதையும் எழுது.”

சரி. நிறுத்தினாள். மைக்கில் சொன்னாள்: “பழைய உயரத்துல ஆரம்பிச்சுட்டேன். இனிமே என் தொண்டை அங்க ஏறாது. இப்ப என் குரல் இதுதான், கேட்டுப் பாருங்க.”

திரைக்குப் பின்னால் மேலாளர் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவள் ரெண்டு கட்டை இறக்கிப் பாடினாள். கனத்த, கரகரத்த குரல். ஒருவரும் இருமக்கூட இல்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பாட்டு முடிந்ததும் எழுந்த கைதட்டல்...

(உவமை தேட எனக்குத் தெம்பில்லை. காது அடைத்துப்போனது, அவ்வளவுதான்.)

ஓய்ந்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார்: “இன்னொரு தடவை! இதே குரல்ல!”

5

இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் விருது வாங்குகிறாள். இன்னொன்றில் புகழோடு ஓய்வு பெறுகிறாள்.

“ஓய்வா? உன் வாயில நல்லதே வராதாடி?” என்றாள் அக்கா.

மேலாளர் போனில் கூத்தாடுகிறார்: அடுத்த கச்சேரிக்கும் டிக்கெட் தீர்ந்துவிட்டதாம். அக்கா காதில் வாங்கவில்லை. பக்கத்து அறையில் புதுப் பாட்டுக் கட்டுகிறாள், கீழ்க்கட்டையில், வீடே அதிர.

“கதைக்குக் கடைசி வரி வேணும்க்கா!”

“பாட்டுக்கே இன்னும் வரல. உனக்கு என்ன அவசரம்?”

நான் அந்தப் புதுப் பாட்டைக் கேட்கப் போகிறேன். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஓய்வு என்று மட்டும் எழுதினீர்களானால், அவளிடம் நீங்கள்தான் பேசிக்கொள்ள வேண்டும்.