மாமா, வாய்!

பாக்ஸர் நாய் ஒன்றைத் தத்தெடுக்கப் போகிறேன் என்று ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடித்தவள் நான்தான். திருமுடிவாக்கத்தில் பூட்டிக் கிடந்த ஒரு பட்டறை வாசலில் யாரோ கட்டிப்போட்டுவிட்டுப் போன நாய். அதன் படத்தை வாட்ஸப்பில் வைத்ததும் சர்ச் பெண்கள், "தபீதாள், பேருக்கேத்த மனசு உனக்கு" என்றார்கள். பைபிளில் ஏழைகளுக்கு உதவியே வாழ்ந்தவளின் பெயர் அது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஏற்பாடு செய்யாமல் இல்லை. வெயில் தாங்காது என்று எங்கள் முடிச்சூர் வீட்டு ஹாலில் ஏசி மாட்டினோம். எகிறிக் குதிக்கும் என்று கண்ணாடிச் சாமான்களையெல்லாம் பரணில் ஏற்றினேன். என் கணவர் டெனிஸ் மட்டும், "அப்பாவையும் பார்த்துக்கிட்டு இதுவும் உன்னால முடியுமா?" என்று கேட்டார்.

"உங்க அப்பாவை நான் பார்க்காம வேற யார் பார்க்குறாங்களாம்?" என்று வள்ளென்று விழுந்தேன்.

பார்த்துக்கொள்ளத்தான் செய்தேன். மாமாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து வாய் ஒரு பக்கம் கோணி, எச்சில் வடியும். வடிவது அவருக்கே தெரியாது. "மாமா, வாய்!" என்று சமையலறையிலிருந்தே குரல் கொடுப்பேன். தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் துடைத்துக்கொள்வார். தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்தவர்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் ஜோசலின் நாயைக் கூட்டி வந்தாள். கைவிடப்பட்ட நாய்களுக்கு வீடு தேடித் தருகிற பெண். "முதல்ல அது வீட்டைப் பார்க்கட்டும்க்கா. நீங்களும் அதைப் பாருங்க. அப்புறம் ரெடியா இல்லையான்னு சொல்லுங்க."

நாய் ஹாலைச் சுற்றி முகர்ந்துவிட்டு, புது சோபாவில் தாடையை வைத்தது. கொழகொழவென்று எச்சில் இறங்கி விரிப்பில் ஊறியது.

"ஐயே! இப்படியா வாய் ஒழுகும்? பார்க்கவே குமட்டுது. இதை வீட்ல வச்சிக்கிட்டு மனுஷன் எப்படிச் சாப்பிடுறது?"

சொல்லி முடிக்கும்போதே தெரிந்துவிட்டது. ஜன்னலோர நாற்காலியில் மாமா துண்டை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டிருந்தார். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? டெனிஸ் என் பக்கமே திரும்பவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

நாய் சோபாவை விட்டுப் போய் மாமாவின் மடியில் தலையை வைத்தது. அவர் அதே துண்டால் அதன் வாயைத் துடைத்துவிட்டார்.

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. அதை மறைக்கப் போய், "நாங்களே வச்சிக்கிறோம் ஜோசலின். ரெடி!" என்று சத்தமாகச் சொன்னேன்.

"வேணாம்மா" என்றார் மாமா. நாக்குக் குழறினாலும் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. "உனக்கு ஒரு வாயே போதும்."

குத்தலாகச் சொல்லவில்லை. என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நான் ரெடி இல்ல, ஜோசலின்" என்றேன். அவள் நாயைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். டெனிஸ் வாசல்வரை அவர்களோடு போனார்.

அலமாரியிலிருந்து சலவைத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு மாமாவிடம் போனேன். இன்றைக்காவது என் கையால் துடைத்துவிடலாம் என்று நினைத்தேன். என் காலடிச் சத்தம் கேட்டதும் அவர் திடுக்கிட்டார். நான் எதுவும் சொல்வதற்கு முன்பே, தோளில் கிடந்த துண்டை எடுத்து அவசர அவசரமாக வாயைத் துடைத்துக்கொண்டார்.

வாய் காய்ந்துதான் இருந்தது.