வெட்டட்டுமா?

டெய்லரக்காவுக்கு ஒரு பழக்கம். சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுக் கத்தரிக்கோலை எடுக்கும் முன், துணி கொடுத்தவளை நிமிர்ந்து பார்த்து, "வெட்டட்டுமா?" என்று கேட்பாள். தலையாட்டினால் போதாது, "வெட்டுங்கக்கா" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். "அப்புறம் கை குட்டையாப் போச்சுன்னு எங்கிட்ட மல்லுக்கு நிக்கக் கூடாது பாருங்க!" என்பாள்.

கேவலம், இரண்டு மீட்டர் துணிக்குக் கிடைத்த இந்த மரியாதை டெய்லரக்காவின் உடம்புக்குக் கிடைக்கவில்லை.

ஆறு வருடத்துக்கு முன் இரண்டாவது பிரசவம். வலியில் துடித்துக்கொண்டிருந்தவளிடம் கணவன் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கான தாளை நீட்டினான். "குழாயில சும்மா ஒரு கட்டுதான். வேணும்னா பின்னாடி அவுத்துக்கலாம். கையெழுத்துப் போடு."

ஆண் செய்துகொள்வது இதைவிடச் சின்ன வேலை, உடம்பும் தளராது என்று நர்ஸ் சொல்லிப் பார்த்தாள். மாமியார் எகிறினாள்: "வேலைக்குப் போற ஆம்பளையக் கத்தியில படுக்க வைக்கிறதா? நல்லாருக்கே நியாயம்!"

அவள் கையெழுத்துப் போட்டாள். ஆபரேஷனும் முடிந்தது. மூன்றாம் நாள் குழந்தை மூச்சுத் திணறி இறந்துபோனது.

மனம் தேற ஆறு வருடம் பிடித்தது. அந்தக் கட்டை அவிழ்த்துக்கொள்ளலாம் என்ற ஒரே நம்பிக்கையில், முப்பத்தெட்டு வயதில், கணவனை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் வந்தாள் பாவி மகள்.

டாக்டர் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கட்டுன்னு யாரும்மா சொன்னா? ரெண்டு பக்கமும் குழாய வெட்டி எடுத்திருக்காங்க. போதுமான நீளம் மிஞ்சியிருந்தா சில பேருக்குச் சேர்த்துத் தைக்கலாம். அப்பவும் கரு குழாயிலயே தங்கிடற ஆபத்து உண்டு. உங்களுக்குத் தைக்கவே மிச்சமில்ல."

"வேற வழியே இல்லையா டாக்டர்?"

"டெஸ்ட் டியூப் முறை இருக்கு. முட்டைய வெளிய எடுத்து, கருவாக்கி, கர்ப்பப்பையில வைப்போம். அதுக்குக் குழாய் வேண்டாம். ஆனா உங்க வயசுக்குக் கைகூடறது கொஞ்சம் பேருக்குத்தான். ஆசை காட்டி அனுப்ப எனக்கு மனசில்ல."

அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கென்னடி தெரியும்? எல்லாரும் கட்டுன்னுதானே சொல்றாங்க!" என்று முணுமுணுத்தான் அவன். டெஸ்ட் டியூப் சிகிச்சைக்கான படிவத்தை டாக்டர் நீட்டியதும் பழக்கதோஷத்தில் அவன் கைதான் முதலில் பேனாவுக்குப் போனது.

அவள் பேனாவைப் பிடுங்கினாள்.

"துணிய வெட்டக்கூட நான் வாய்விட்டுக் கேக்குறேன். என்னை வெட்டறப்ப யார் கேட்டீங்க?"

அவன் தலை கவிழ்ந்தான். படிவத்தை அவள் பக்கம் நகர்த்தி, "பண்ணிக்கலாமா?" என்றான். கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் அவன் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"இத அன்னைக்குக் கேட்டிருக்கணும்," என்றாள் அவள். கையெழுத்திட்டாள். "நல்லாக் கேட்டுக்குங்க. குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் பண்ணினா திரும்பாதுன்னு நெனச்சுத்தான் பண்ணணும். முழுசாச் சொல்லாம, வலியில கெடக்கறவகிட்ட வாங்கறதுக்குப் பேரு சம்மதம் இல்ல, திருட்டு!"