இரண்டு ஓடைகளில் ஒன்று

டென்னசி மலையடிவாரத்தில் உள்ள ஹேகன் ஓடையில் டெஸ்ஸா கெக்லி பதினாறு வருஷமாக மூச்சுக்குழாயோடு தண்ணீரில் குப்புறக் கிடந்து நன்னீர்ச் சிப்பி எண்ணியவள். அதில் இருபத்திரண்டு வகைச் சிப்பிகள் இருந்தன. அதற்கு ஈடான ஓடை அந்தப் பக்கத்திலேயே கிடையாது என்று அவளும் நம்பியிருந்தாள்.

அந்த வருஷம், ஹேகன், ஃபிஞ்ச் என்ற இரண்டு ஓடைகளில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும், மற்றதன் கரையில் கல்குவாரி வரும் என்று வனவிலங்குத் துறை மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். எதைக் காப்பது என்று அளந்து சொல்லும் பொறுப்பு டெஸ்ஸாவின் தலையில் விழுந்தது.

மலைக்கு அந்தப்புறம் ஓடும் ஃபிஞ்ச் ஓடையில் இருந்தவை ஒன்பதே வகை. ஆனால் அவற்றில் இரண்டுக்கு உலகில் வேறெங்கும் நெருங்கிய உறவில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தனியே கிளைத்து வந்த வம்சம். ஹேகன் சிப்பிகளோ ஒன்றுக்கொன்று பங்காளிகள். பக்கத்து ஆறுகளிலும் உண்டு. எண்ணிக்கையை விட்டு வம்சத்தை அளந்தாள். தண்ணீருக்குள் எது என்ன வேலை செய்கிறது என்றும் அளந்தாள். மூன்று வாரம் கணக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தும் ஃபிஞ்ச்தான் வந்தது.

வெர்லினிடம் அவளே போய்ச் சொன்னாள். ஹேகன் கரையில்தான் அவன் வீடு. மனைவி இறந்த பிறகு டெஸ்ஸாவோடு தண்ணீரில் இறங்குவதுதான் அவனை நடமாட வைத்திருந்தது.

"ஒம்பது பெருசா, இருபத்திரண்டு பெருசா? எனக்குப் பள்ளிக்கூடத்துல வேற மாதிரி சொல்லிக்கொடுத்தாங்க, டெஸ்."

"நம்ம ஹேகன் சிப்பிங்களுக்கு வெளில சொந்தம் இருக்கு, வெர்லின். ஃபிஞ்ச்ல இருக்கற அந்த ரெண்டும் செத்தா வம்சமே அத்துப்போயிடும்."

"எனக்குந்தான் நாக்ஸ்வில்ல தம்பி இருக்கான். அப்ப நான் செத்தாப் பரவால்லியா?"

அவள் கையிலிருந்த அறிக்கையை அவன் வாங்கிப் புரட்டினான்.

"மாத்தி எழுதியிருக்கலாமே. யாரு பாக்கப்போறா?"

"நான் பாப்பேனே."

அவன் எழுந்து உள்ளே போய்விட்டான்.

செப்டம்பரில் சிப்பிகளை வாளி வாளியாக எடுத்துப் பக்கத்து ஆற்றில் விட்டார்கள். வெர்லினும் வந்தான், வாளிகளை வாங்கிக் கைமாற்றினான். அடுத்த வசந்தத்தில் போய்ப் பார்த்தபோது நாலில் ஒன்றுதான் உயிரோடிருந்தது. மீதி வாய் பிளந்து, வெறும் ஓடாகக் கிடந்தன. அதற்குள் குவாரிச் சேறு ஹேகனில் பால்போல் ஓடத் தொடங்கியிருந்தது. வெர்லின் வீட்டைப் பூட்டிவிட்டுத் தம்பியிடம் போய்விட்டான்.

ஜூனில் டெஸ்ஸா ஃபிஞ்ச் ஓடையில் தனியாக இறங்கி எண்ணினாள். கரையேறியபோது போன் அடித்தது.

"அந்த ரெண்டும் இருக்கா?" வெர்லின்தான்.

"இருக்கு. குட்டிச் சிப்பிங்களும் வந்திருக்கு."



"சரி," என்றான். அவ்வளவுதான், வைத்துவிட்டான்.

டெஸ்ஸா ஈர உடையோடு பாறையில் உட்கார்ந்து அழுதாள்.