நாற்பத்தேழாவது சுற்றில் லோரன்

அப்போது நெப்ராஸ்காவில் எங்கள் பேஸ்பால் அணிக்கு ஆள் பார்க்கிற வேலை என்னுடையது. ஜூன் மாதம் எல்லா அணிகளும் சுற்றுச் சுற்றாக முறை வைத்துப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும். முதல் சுற்றில் யார் என்பதற்கு மாதக்கணக்கில் சண்டை நடக்கும். நாற்பது சுற்று தாண்டினால் தலைமை அலுவலகத்தில் பீட்சா வந்துவிடும்.

"உன் பக்கம் எவனாச்சும் மிச்சம் இருக்கானாய்யா? பயிற்சி அணிக்கு ஆள் குறையுது" என்றார் மேலாளர் போனில், மென்றுகொண்டே.

"லோரன் கூச்செரா. இடக்கையால வீசுவான். வேகம் கிடையாது."

"வேற என்னதான் இருக்கு?"

"நல்ல பையன்."

"சரி, போடு."

அவன் வீட்டுக்குப் போன் செய்தேன். பன்றி வளர்க்கும் அவன் அப்பா வெர்லின் எடுத்தார்.

"விதைக் கம்பெனியா? போன வாரமே வாங்கியாச்சே."

"இல்லைங்க. உங்க மகனை எங்க அணி எடுத்திருக்கு."

"எதுக்கு?"

மறுநாள் நேரில் போனேன். லோரன் பன்றிக் கொட்டகையில் கதவுக் கீலை மாட்டிக்கொண்டிருந்தான்.

"எனக்கு முன்னாடி எத்தனை பேரை எடுத்தாங்க சார்?"

"கிட்டத்தட்ட எல்லாரையும்."

"அப்புறம் நான் எதுக்கு?"

அவனிடம் பொய் சொல்ல வரவில்லை. "முதல் சுற்றுல பிரைஸ்னு ஒருத்தனை எடுத்திருக்கோம். பெரிய ஆளா வருவான்னு நம்புறாங்க. அவன் ஆடிப் பழகணும்னா சுத்தி ஒரு அணி வேணும்ல."

அவன் கீலை மாட்டி முடித்து, கதவை ஒருமுறை ஆட்டிப் பார்த்தான்.

"போயிட்டு வாடா," என்றார் கொட்டகை வாசலில் நின்ற வெர்லின். "போகலேன்னா இந்த மூஞ்சிய ஆயுசுக்கும் நான்தான பாக்கணும்."

அரிசோனாவில் பயிற்சி அணி. லோரன் பெரும்பாலும் பெஞ்சில்தான் இருந்தான். ஆகஸ்டில் நான் பார்க்கப் போன அன்று பிரைஸ்தான் பந்து வீசினான். எதிரணி அவனைத் துவைத்து எடுத்தது. எப்படியும் தோல்விதான் என்று ஆனபிறகு, பயிற்சியாளர் லோரனை அனுப்பினார். அவன் பந்து ஆடி அசைந்து போனது. அது வந்து சேருமுன்பே எதிரணியினர் மட்டையைச் சுழற்றிவிட்டு நின்றார்கள். ஆட்டம் முடியும்வரை ஒருவனும் ஓட்டம் எடுக்கவில்லை.

"நல்லா வீசினடா. இன்னும் கொஞ்சம் வேகமா வீசினா என்ன?" என்றார் பயிற்சியாளர்.

"வேகம் இருந்தா என்னை முன்னாடியே எடுத்திருப்பீங்களே சார்."

பிரைஸ் முகத்தில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருந்தான். லோரன் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அன்றிலிருந்து ஒன்றாகவே சாப்பிட்டார்கள்.

அடுத்த வசந்தத்தில் லோரனை நீக்கினார்கள். பயிற்சியாளர் சொன்னதும், "பஸ் எப்போ சார்?" என்று மட்டும் கேட்டானாம். அறைக்குப் போய்ப் பையில் வைத்த காலணியை வெளியே எடுத்தான், திரும்ப வைத்தான், மறுபடியும் எடுத்தான். பார்த்துக்கொண்டிருந்த பிரைஸ் கார்ச் சாவியை எடுத்தான்.

"எங்கடா?"

"உங்க ஊருக்கு. எந்திரி."

பயிற்சியை விட்டுவிட்டு நெப்ராஸ்கா வரை பிரைஸே ஓட்டினான். அணியில் ஏகக் களேபரம். ஆளைக் கண்டுபிடிக்கச் சொல்லி எனக்குத்தான் போன் வந்தது. போய்ப் பார்த்தேன். காரைச் சுற்றிவந்த வெர்லின் பிரைஸிடம் கேட்டுக்கொண்டிருந்தார்:

"முதல் சுற்று நீதானா?"

"ஆமாங்க."

"பன்னிக்குத் தீவனம் வைக்கத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்புறம் என்னத்த பாத்து எடுத்தானுவ?"

லோரன் சிரித்தான். நீக்கியபிறகு அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று பிரைஸ் பிறகு சொன்னான்.

இரண்டு வருடம் கழித்துப் பிரைஸின் தோள்பட்டை போய்விட்டது. அறுவை சிகிச்சை செய்தும் பழைய கை திரும்பவில்லை. அணி அவனையும் அனுப்பிவிட்டது. தன் ஊருக்குப் போக வெட்கப்பட்டு இங்கே வந்தான், பக்கத்து ஊர்ப் பள்ளியில் வேலை கிடைத்தது, தங்கிவிட்டான். ஞாயிறுகளில் ஊர் அணிக்கு லோரன் பந்து வீசுகிறான். வீச முடியாத பிரைஸ் முதல் தளத்தில், அடித்தவன் ஓடிவந்து முதலில் தொடும் இடத்தில், நின்று பந்து பிடிக்கிறான். நானும் வெர்லினும் வேலியோரம் மடக்கு நாற்காலி போட்டுப் பார்க்கிறோம்.

போன வாரம் தோற்றார்கள். குறை லோரன் மேல் இல்லை. பிரைஸ் ஒரு சுலபமான பந்தைக் கோட்டைவிட்டான்.