ஊமைக்கோட்டானின் ஒரு சொல்

பல் செட் கட்டும் வேலையில் இருப்பவளுக்குப் போய் 'ப' வராது என்றால், தலையெழுத்தை எழுதியவன் அன்றைக்கு நல்ல குஷியில் இருந்திருக்க வேண்டும். மற்ற எழுத்துகள் கொஞ்சம் முட்டி மோதிப் பார்த்துவிட்டு வழிவிடும். 'ப' அப்படி இல்லை. உதடுகள் ஒட்டிக்கொண்டால் ஒட்டிக்கொண்டதுதான். மூடிய கடை ஷட்டரைத் தட்டுகிற மாதிரி உள்ளேயிருந்து தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் அடுத்த மேசையில் பாலிஷ் போடுகிறவரை அவள் ஒருநாளும் பாலிஷ்காரர் என்று கூப்பிட்டதில்லை. வெறும் 'அண்ணே'. அதையும் தேவைப்பட்டால்தான்.

"உன் வேலைக்கு உன் வாய் எதுக்குடி? அடுத்தவன் வாய் போதுமே" என்பாள், டாக்ஸி ஓட்டும் அவள் அக்கா.

அன்று காலை ஒரு முதியவரின் தாடை அச்சு அவள் கையில் இருந்தது. இளஞ்சிவப்பு மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக ஊன்றி, மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் சேர்த்து 'டக் டக்' என்று இருமுறை தட்டிப் பார்த்தாள். கடி சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க அவள் செய்வது அது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கையோடு ஒட்டிப்போன பழக்கம். மூன்றாவது தடவை தட்டுவதற்குள் பாலிஷ் அண்ணனின் போன் அடித்தது.

"பி... பி... பின்னாடி! பி... பி... பின்னாடி!"

வேகத்தைக் கூட்டி, குரலைக் கீச்சாக்கி, கொசு ஒன்று அலறுவதுபோல் ஆக்கியிருந்தார்கள். அண்ணன் போனை எடுக்காமல் கொஞ்ச நேரம் ரசித்தார்.

"ரிங்டோன் எப்படி தங்கச்சி? ஏதோ கேம் ஆடுற பொண்ணாம். பயத்துல உளறிடுச்சாம். இப்ப ஊரே இதைப் போட்டுத்தான் சிரிக்குது."

அவள் தலையை ஆட்டினாள். கையிலிருந்த மெழுகில் கட்டைவிரல் நகம் பிறைபோல் பதிந்திருந்தது. அந்தப் பெண் அவள்தான்.

கருங்கோட்டை என்பது மூன்று பேர் ஓர் அணியாகச் சேர்ந்து ஆடும் இணைய விளையாட்டு. அவளுடைய அணிக்கு அரைவேக்காடு என்று பெயர். கோடரி ஏந்தி முன்னால் போகிறவன் மேஸ்திரி. எல்லாரையும் வேலை ஏவுவதால் வந்த பெயர். வில் பிடித்தவன் பஞ்சர். எந்த ஆட்டத்திலும் முதலில் சாகிறவன். அவள் கைத்தடி பிடித்த வைத்தியச்சி. பச்சை வட்டம் ஒன்றைக் காலடியில் போட்டு, அடிபட்டவனுக்கு உயிர் கொடுக்கும் வேலை. கடைசியில் நிற்பவள் என்பதால் எல்லாம் அவள் கண்ணில் படும். மெல்லிய குரல், எப்போதும் காதருகே, அதனால் கொசு. அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

ஏனென்றால் உலகத்திலேயே அங்கே மட்டும்தான் அவள் பேசினாள். முதல் வாரத்தில் அவள் திக்கியபோது, "மெதுவா சொல்லு கொசு, கோட்டை எங்கேயும் ஓடிடாது" என்று சொன்னவன் மேஸ்திரி. அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் அவள் வாயைத் திறந்தாள். இரண்டு வருடம் திறந்தே வைத்திருந்தாள்.

பிறகு அரையிறுதி வந்தது. மேஸ்திரி வாசலைப் பார்த்து நிற்க, அவன் முதுகுக்குப் பின்னால் படிக்கட்டில் ஒரு நிழல் இறங்குவதை அவள் பார்த்தாள். சொல்ல வேண்டிய ஒரே சொல், பாழாய்ப்போன 'ப'வில் தொடங்கியது.

"பி... பி..."

"என்னடி, பீப்பி ஊதறியா?" என்று அவன் சிரித்தான். அவள் சொல்லை முடிப்பதற்கும் வாள் அவன் கழுத்தில் இறங்குவதற்கும் சரியாக இருந்தது. தோற்றார்கள். அந்தப் போட்டியில் தோற்றவர்களுக்குப் பேச்சு கிடையாது. திரை கண்சிமிட்டும், அடுத்த நொடி வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடும். ஜெயித்தவர்கள் மட்டும் இருந்து, பார்வையாளர்கள் முன் பேட்டி கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

மறுநாள் அந்தக் கிளிப் எங்கும் பரவியது. யார் போட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. தொடக்கத்தில் ஒரு நாற்காலி கீச்சிட்டது. இரண்டு வருடமாக அவள் கேட்டுப் பழகிய மேஸ்திரியின் நாற்காலி. அவன் சிரிப்பை வெட்டியிருந்தார்கள். வாள் விழும் சத்தத்தையும் வெட்டியிருந்தார்கள். மிஞ்சியது, ஒன்றுமில்லாததற்கு ஊளையிடும் ஒரு பெண் மட்டும். எச்சரிக்கை கேலியாகிவிட்டது, தோல்விக்கு ஆளும் கிடைத்துவிட்டது.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று எழுதிக் கேட்டாள். "ஏய், சும்மா ஜாலிக்குடி. இதுக்கெல்லாமா மூஞ்சியைத் தூக்குவ?" என்று பதில் வந்தது. அன்று மாலையே அவளை அணியிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

அதன்பின் அவள் வீட்டிலும் பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால் கையை நீட்டினாள். அக்கா ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

"அவன் வீடு எங்கன்னு மட்டும் சொல்லு. வண்டியை எடுத்துட்டுப் போய் ரிவர்ஸ்ல ஒரு ஏத்து ஏத்திட்டு வந்துடறேன். மீட்டர்கூடப் போட மாட்டேன்."

"வே... வேணாம்க்கா. நானே பா... பா..."

"பார்த்துக்கறியா? எப்படி?"

அன்றிரவு அவள் அதே விளையாட்டில் புதிய கணக்கு ஒன்றைத் தொடங்கினாள். பெயர்: ஊமைக்கோட்டான். மைக் ரிப்பேர், எழுத மட்டும்தான் முடியும் என்று குறிப்பு போட்டாள். தெரியாத அணிகளோடு ஆடி ஆடி மேலேறினாள். அரைவேக்காட்டுக்கு அப்போது நல்ல வைத்தியர் அகப்படாமல் இருந்தார். மீன் தானாக வந்து தூண்டிலைக் கேட்டது.

"பேசவே மாட்டியாப்பா கோட்டான்? தங்கமான ஆளு. பேசுறவங்களாலதான் நாங்க கெட்டோம்" என்றான் மேஸ்திரி. பஞ்சர் சிரித்தான். அவள் ஒரு புன்னகைப் பொம்மையை அனுப்பிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

திட்டம் எளிமையானது. அடுத்த போட்டித்தொடர் தொடங்கியிருந்தது. அதன் இறுதிப் போட்டி வரை அவனை உயிரோடு கொண்டுபோக வேண்டும். ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அதேபோல் ஒரு நிழல் அவன் முதுகுக்குப் பின்னால் வரும். அப்போது அவள் பச்சை வட்டத்தைப் போட மாட்டாள். ஒரு சொல்லும் சொல்ல மாட்டாள். அவ்வளவுதான். பாம்பு புற்றுக்குள் சுருண்டிருப்பதுபோல் அந்த எண்ணம் அவளுக்குள் கிடந்தது. மெழுகு உருக்கும்போதும், அண்ணனின் போன் அடிக்கும்போதும், அது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும்.

இறுதிப் போட்டிக்கு முந்தின நாள் மேஸ்திரியிடமிருந்து தனிச்செய்தி வந்தது.

'கொசு, நீதான்னு எனக்குத் தெரியும். கதவு திறக்கிறதுக்கு முன்னாடி கைத்தடியால தரையை ரெண்டு தட்டுவியே. முதல் நாளே கண்டுபிடிச்சுட்டேன். நீ எதுக்கு வந்திருக்கேன்னும் புரியுது. அந்தக் கிளிப்பை வெட்டினது நான்தான். தோத்தது என்னாலன்னு யாருக்கும் தெரியக்கூடாதுன்னு செஞ்சேன். தப்புதான். நாளைக்குப் பின்னாடி எவன் வந்தாலும் சொல்லாதே. விழுந்துடறேன். அதோட உனக்கும் எனக்கும் சரியாப் போச்சு. வெளியில யாருக்கும் தெரிய வேணாம்.'

அவள் அதை நின்றுகொண்டே படித்தாள். முதலில் கண் கலங்கியது, பாவம், தெரிந்தும் இத்தனை நாள் கூட வைத்திருந்தானே. பிறகு கடைசி வரிக்கு வந்தாள். வெளியில யாருக்கும் தெரிய வேணாம்.

நடுத்தெருவில் நிறுத்தி அடித்துவிட்டு, மூலைக்குக் கூட்டிப்போய் எண்ணெய் தடவுகிறான். அவள் சேர்த்துவைத்த பழியையே எடுத்துத் தன் பாவத்தைக் கழுவிக்கொள்ளப் பார்க்கிறான். நாளைக்கு விழுவான், திரை கண்சிமிட்டும், கதவு சாத்திக்கொள்ளும், போய் நிம்மதியாகத் தூங்குவான்.

தோற்றவனை யாரும் எதுவும் கேட்பதில்லை. அது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

'சரி' என்று மட்டும் பதில் எழுதினாள்.

ஞாயிறு மதியம் அக்கா சோபாவில் காலை நீட்டி, தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "எவன்டி அவன்? அந்தக் கோடரியா? நடையே சரியில்லை."

இறுதிப் போட்டியில் அணிக்குள் பேசுவதும் பார்வையாளர்களுக்குக் கேட்கும். கதவு திறந்தது. பஞ்சர் வழக்கம்போல் முதல் நிமிடத்திலேயே பஞ்சரானான். "நான் போய்ட்டேன், நல்லா இருங்க" என்று சாகும்போதும் விடைபெற்றான். மேஸ்திரி வெறிபிடித்தவன்போல் ஆடி எதிரணியில் இருவரை வீழ்த்தினான். இனி ஒருவன்தான். கத்திக்காரன்.

படிக்கட்டில் நிழல் இறங்கியது. மேஸ்திரி வாசலைப் பார்த்தபடி அசையாமல் நின்றான். காதில் விழுந்தும் விழாததுபோல், கழுத்தை நீட்டிய ஆடுபோல் நின்றான்.

அவள் மைக்கைத் திறந்தாள்.

"பி..."

முதல் குத்து விழுந்தது. அவள் பச்சை வட்டத்தைப் போட்டாள். அவன் சாகவில்லை.

"பி..."

இரண்டாவது குத்து. மறுபடி வட்டம். உதடுகள் ஒட்டிக்கொண்டன, ஒட்டிக்கொள்ளட்டும் என்று விட்டாள். அவசரப்படவில்லை. அந்தச் சொல் வரும்வரை எத்தனை குத்து விழுந்தாலும் அவனைச் சாக விடுவதாக இல்லை. வர்ணனையாளர் பேச்சை நிறுத்திவிட்டார். அக்காவின் கை தட்டிலேயே நின்றது.

"பின்னாடி."

இத்தனை பேர் கேட்டபின் திரும்பாமல் இருக்க அவனால் முடியவில்லை. திரும்பினான். கோடரி இறங்கியது. அரைவேக்காடு ஜெயித்தது.

"ஏய்! ஏண்டி காப்பாத்தின?" என்று அக்கா கத்தினாள். அவள் விரலை உதட்டில் வைத்தாள்.

வர்ணனையாளர் மூச்சுவிடாமல் பேசுகிறவர். "வாழ்த்துகள், வாழ்த்துகள்! கோட்டான், ஊமைன்னு பேரு வெச்சுக்கிட்டு கடைசியில வாயைத் திறந்துட்டீங்க! ஆனா ஒண்ணு கேட்கணும். அந்த வார்த்தை... அந்தக் கிளிப்... அது நீங்களா?"

"நான்தான்."

பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்த பார்வையாளர் கருத்துகள் ஒரு கணம் நின்றுவிட்டு, மடை உடைந்ததுபோல் பாய்ந்தன.

"அதுல இன்னும் கொஞ்சம் இரு... இருக்கு. அன்னிக்கும் இதேதான் நடந்துச்சு. அதை வெ... வெட்டினது யாருன்னு மேஸ்திரி சொல்வாரு. நே... நேத்து எனக்கு எழுதினாரு. இங்கேயும் சொல்லட்டும்."

நாற்காலி கீச்சிட்டது. ஆயிரக்கணக்கான காதுகளில் கீச்சிட்டது.

"அ... அது வந்து... நான் வந்து... அது..."

அவள் காத்திருந்தாள். இந்த நிமிடத்துக்காகத்தான் அவனுக்கு உயிர் கொடுத்தாள்.

"மெ... மெதுவா சொல்லுங்க மேஸ்திரி" என்றாள். "கோட்டை எங்கேயும் ஓடிடாது."

அவன் சொன்னான். எல்லாவற்றையும், தட்டுத் தடுமாறி. பேட்டி முடியும்வரை வெளியேறும் பொத்தான் வராது என்பது விதி.

மறுநாள் வேலைக்கூடத்தில் பாலிஷ் அண்ணன் அவள் மேசைக்குத் தானே வந்தார். கையில் பாலிஷ் மாவு ஒட்டியிருந்தது.

"தங்கச்சி, அது நீதானாமே. எனக்குத் தெரியாதும்மா. மனசுல வெச்சுக்காதே. அந்த ரிங்டோனைத் தூக்கிட்டேன்." கொஞ்சம் தயங்கிவிட்டு முகம் மலர்ந்தார். "இப்ப இதான் ஊரெல்லாம்."

பொத்தானைத் தட்டினார். "அ... அது வந்து... நான் வந்து... அ... அது வந்து..." வேகத்தைக் கூட்டி, குரலைக் கீச்சாக்கி, யாரோ ஒருவர் செய்திருந்தார். யாரென்று அவளுக்குத் தெரியாது. அவள் செய்யவில்லை.

அவள் போனும் அதிர்ந்தது. பஞ்சர். 'கொசு, மேஸ்திரி கால் சென்டர்ல வேலை பார்க்கிறான் தெரியுமில்ல? காலையில போனதும் சுத்தி உட்கார்ந்திருக்கிறவங்க எல்லாம் இதையே போட்டுச் சிரிச்சாங்களாம். பாதியிலேயே வீட்டுக்குப் போய்ட்டான். அழுவுறான். நீ பொதுவுல ஒரு வார்த்தை சொன்னா அடங்கிடும். ஒரே ஒரு வார்த்தை.'

அவள் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். போனைக் கவிழ்த்து வைத்தாள். பாதியில் விட்டிருந்த பல் செட்டை எடுத்து, மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் சேர்த்து இருமுறை தட்டினாள். டக் டக். கடி கச்சிதமாக உட்கார்ந்தது.

அண்ணன் தன் மேசைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்.

"போடுங்கண்ணே" என்றாள். "இன்னொரு தடவை போடுங்க."

உதடு எங்கேயும் ஒட்டவில்லை.