செவ்வாய்க்கிழமை மொருட்டி

ஐந்து மலைச் சபைகளுக்கும் ஒரே போதகர். தலைமை அலுவலகத்தில் அவருக்கு ‘வட்டாரப் போதகர்’ என்று பெயர். பாக்கிசி என்ற சொந்தப் பெயர் யார் வாயிலும் வந்ததில்லை. மாலினேயோவின் ஊருக்கு அவர் குதிரையில் வந்து சேர்வது செவ்வாய்க்கிழமை. அதனால் அவர் செவ்வாய்க்கிழமை மொருட்டி; மொருட்டி என்றால் அந்த ஊர்ப் பேச்சில் போதகர். செங்கு ஆற்றுக்கு அக்கரையில் அவரே ஞாயிற்றுக்கிழமை மொருட்டி. அதில் அக்கரைக்காரர்களுக்குத் தலைகால் புரியாத பெருமை.

"எங்களுக்குப் பிரசங்கம், உங்களுக்கு மிச்சம் மீதி" என்று சந்தையில் சீண்டுவார்கள்.

மாலினேயோ என்றால் லினேயோவின் அம்மா. பிறக்கப்போகும் பிள்ளையையும் மனதில் வைத்து, கல்யாணத்தன்றே மாமியார் சூட்டிய பெயர். வெகுகாலம் கழித்துத்தான் பெண் பிறந்தாள். பிறந்த சில வாரங்களிலேயே காய்ச்சல் கண்டு, பால் குடிப்பதை நிறுத்திவிட்டாள். அந்தச் செவ்வாய்க்கிழமை பார்த்து ஆறு கரைபுரண்டு ஓடியது.

மொருட்டி அக்கரையில் குதிரையோடு தவித்து நின்றார். பிள்ளையைப் போர்வைக்குள் அணைத்துக்கொண்டு மாலினேயோ கரைக்கு ஓடினாள். கணவன் லெபோனா பின்னாலேயே வந்தான்.

"மொருட்டி! புள்ள பொழைக்குமான்னு தெரியல! ஞானஸ்நானம் குடுங்க!"

"தண்ணிய நீங்க ஊத்துங்க! நான் இங்கேருந்து சொல்றேன்! பேர் என்ன?"

"லினேயோ!"

வெள்ளத்தின் இரைச்சலில் பாதிதான் போய்ச் சேர்ந்தது. அக்கரையில் ஒருத்தி, "லிம்போவாம்!" என்று எடுத்துக்கொடுத்தாள்.

லெபோனா கைநிறைய ஆற்றுநீரை அள்ளினான். "லிம்போ! பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே..." மொருட்டி தொண்டை கிழியக் கத்தினார். முதலில் ஞானப்பாட்டை எடுத்தது அக்கரையின் அந்தச் சீண்டல்காரக் கூட்டம்தான். இக்கரையும் சேர்ந்து பாடியது.

மறுநாள் காய்ச்சல் இறங்கியது. அடுத்த வாரம் வெள்ளம் வடிந்து மொருட்டி வந்தபோது மாமியார் வாசலை மறித்து நின்றாள்.

"லினேயோவோட அம்மாவுக்கு லிம்போ எப்படிப் பொறக்கும்? சொல்லுங்க!"

மொருட்டி தொப்பியைக் கழற்றினார். "ரெண்டுக்கும் பரிசுன்னுதானே அர்த்தம், அம்மா? ஞானஸ்நானம் ஒரு தடவைதான். எனக்குத்தான் சரியாக் கேக்கல. கடவுளுக்குக் கேட்டிருக்கும்."

"அப்போ கடவுள் இக்கரையில நின்னிருக்காரு. போய் அந்த ஞாயித்துக்கிழமைக்காரங்ககிட்ட சொல்லுங்க" என்றாள் மாமியார். மொருட்டி வாய்விட்டுச் சிரித்தார். சோளக்களியும் கீரையும் வைத்து அவருக்கு முதலில் பரிமாறியதும் அவள்தான்.

இப்போது ஊருக்கென்றே ஒரு போதகர் இருக்கிறார். கோவிலை ஒட்டி வீடு, வாசலில் ஜீப். நல்ல பிள்ளை, எப்போது கதவைத் தட்டினாலும் வருவான். அவனிடம் மாலினேயோவுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் கோவில் முற்றத்தைப் பெருக்கும்போது சில நாள் கை தானாக நின்றுவிடுகிறது. சரிவில் குதிரைத் தலை தெரிந்ததும் முதலில் பார்த்தவர் கூவ, ஊரே வேலையைப் போட்டுவிட்டு இறங்கி ஓடிய அந்தச் செவ்வாய்க்கிழமைகள் நினைவுக்கு வரும். பக்கத்திலேயே இருப்பவரை நோக்கி யார் ஓடுவார்கள்?